தாய்ப் பத்திரம் எங்கே?

பத்திரம் எழுதுவது என் தொழில். தருமபுரி மாவட்டத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, கம்ப்யூட்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, இதோடு 22 வருடம் ஓடிவிட்டது. யார் வந்து என்ன கிரயம் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான், தாய்ப் பத்திரம் எங்கே? விற்கிறவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது, அவருக்குக் கொடுத்தவருக்கு எப்படி வந்தது, நடுவில் ஒரு கை விட்டுப்போயிருக்கிறதா என்று பின்னாலேயே போய்ப் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டேன். ஆனால் அதே மேசையை விட்டு எழுந்து டீக்கடைக்குப் போனால், திப்பு சுல்தானிலிருந்து நேற்றைய சட்டசபை வரைக்கும் யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்பி, அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தொழிலில் இருந்த எச்சரிக்கை பேச்சில் இல்லை. அது எனக்கு வந்தது மூன்று படித்தவர்களோடு பழகிய பிறகுதான். அந்தப் பழக்கத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன், நம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இப்படி ஒரு பேராசிரியரிடமோ ஆய்வாளரிடமோ பேசப் போகும்போது உதவும்.

முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர். மகளுக்கு ஒரு வீட்டைத் தான செட்டில்மெண்ட் எழுதி வைக்க வந்தார். வேலை முடிந்து கிளம்புகிற நேரத்தில், நான் அவர் வரலாறு படித்தவர் என்று தெரிந்து, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "அய்யா, திப்பு நல்லவரா கெட்டவரா?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். "தம்பி, திப்பு காலத்துல உங்க ஊரு எவ்வளவு தீர்வை கட்டுச்சு, யாரு வந்து வசூல் பண்ணாங்க, அது தெரியுமா?" என்றார். தெரியாதுங்க என்றேன். "அதைத் தேடிட்டு வாங்க, அப்புறம் பேசலாம். நல்லவரா கெட்டவரான்னு கேட்டா நான் ஒரு தீர்ப்பு சொல்லணும், நீங்க அதை எடுத்துட்டுப் போயி இன்னொருத்தர்கிட்ட சண்டை போடணும். அதுல நமக்கு என்ன தெரிஞ்சுச்சு?" என்றார்.

எனக்கு அப்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால், அறிஞர்களிடம் பேசப் போகிற பத்தில் எட்டுப் பேர் செய்கிற தவறு அதுதான். தீர்ப்பைக் கேட்கிறோம். அவர்களிடம் இருக்கிற பெரிய சொத்து தீர்ப்பு இல்லை, அந்தத் தீர்ப்பு எதன் மேல் நிற்கிறது என்கிற விவரம்.

அடுத்த முறை அவர் வந்தபோது வெறுங்கையோடு பேசக்கூடாது என்று, அப்பா வைத்திருந்த தகரப்பெட்டியிலிருந்து ஒரு பழைய கிரயப் பத்திரத்தை எடுத்து வைத்திருந்தேன். மடிப்பில் கிழிந்து, பின்னால் மெல்லிய துணி ஒட்டிய காகிதம். மேலே பிரிட்டிஷ் அரசரின் தலை பதித்த முத்திரை, கீழே சேலம் ஜில்லா தர்மபுரி தாலுகா என்று எழுத்து. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ம் தேதிதான், அதற்கு முன்னால் நாமெல்லாம் சேலம் ஜில்லா. அய்யா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, என்னிடம் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் வாங்கி, பத்திரத்தில் இருந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து மூன்று பத்தியாக எழுதினார். ஜில்லா, தாலுகா, தாசில்தார், பசலி, கிஸ்தி, ஜமாபந்தி, செக்குபந்தி இதெல்லாம் ஒரு பக்கம், அரபியும் பாரசீகமும் வழியாக வந்தவை. ரிஜிஸ்தர், சர்வே நம்பர் இன்னொரு பக்கம். நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு, அடங்கல் மூன்றாவது பக்கம். எழுதி முடித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "திப்பு நல்லவரா கெட்டவரான்னு கேட்டீங்களே, உங்க ஊரை யாரெல்லாம் ஆண்டாங்கன்னு இதுலயே இருக்கு, இந்தா."

22 வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை செக்குபந்தி, அதாவது சொத்தின் நாலு பக்கத்து எல்லை, என்று எழுதியிருப்பேன்! ஒரு தடவைகூட அது எங்கிருந்து வந்த சொல் என்று நான் நின்று பார்த்ததில்லை. பசலி என்பது அறுவடையை வைத்து வரும் கணக்கு, அக்பர் காலத்தில் வரி வசூலுக்காக ஏற்பட்டது, இன்றைக்கும் நம் கிராம நிர்வாக அலுவலகத்தில் ஜூலை 1-ம் தேதி புதுப் பசலி பிறக்கிறது. 2024 ஜூலையில் பிறந்தது 1434-ம் பசலி. டெல்லியில் அரசு மாறி, கோட்டையில் கொடி மாறி எல்லாம் ஆன பிறகும் வரிக்கணக்கின் வருடம் மட்டும் மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. அரசியல் அதிகாரம் என்றால் கொடியும் சிலையும் மேடையும்தான் என்று நினைத்திருந்தவனுக்கு, அது என் மேசையில் கிடக்கும் காகிதத்தில் இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது. அந்த வெள்ளைத்தாளை லேமினேஷன் செய்து இன்றும் வைத்திருக்கிறேன்.

அங்கிருந்துதான் பேச்சு மன்றோவுக்குப் போனது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு இழந்த பகுதிகளில் நம் பாராமகாலும் ஒன்று, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்கு அன்றைய பெயர் அது. கிழக்கிந்தியக் கம்பெனி அதை நிர்வாகம் பண்ண அலெக்சாண்டர் ரீடு என்ற ராணுவ அதிகாரியை அனுப்பியது. அவருக்குக் கீழே மூன்று உதவியாளர்கள், அதில் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை அவர் இந்தப் பக்கம்தான் வேலை பார்த்தார், தருமபுரியில் இருந்தார். ஜமீன்தார் என்று நடுவில் ஒருவரை வைக்காமல் ஒவ்வொரு விவசாயியிடமும் அரசாங்கமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கே முளைத்து, பின்னால் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. மன்றோ 1820-ல் சென்னை கவர்னரே ஆனார். நடுவில் ஆள் இல்லாமல் போனது நல்லதுதானே அய்யா என்று கேட்டேன். "நல்லதுதான். ஆனா நடுவுல ஒரு ஆள் இருந்தா அவன்கிட்ட கெஞ்சலாம், தவணை கேட்கலாம். இப்ப மழை பொய்ச்சாலும் நேரா சர்க்காருக்குக் கட்டணும், தீர்வையும் அதிகம், அப்ப கடன் எங்க வாங்குவான்?" என்று கேட்டு நிறுத்திக்கொண்டார். பாராமகால் ஆவணங்கள் பல பாகங்களாக அச்சில் வந்திருக்கின்றன, பெரிய நூலகங்களில் கிடைக்கும், போய்ப் பாருங்கள் என்றார். ஒரே ஏற்பாடு ஒரு பக்கம் உரிமையையும் இன்னொரு பக்கம் கடனையும் கொடுத்திருக்கிறது. பட்டா என்ற காகிதத்துக்காக மக்கள் ஏன் இவ்வளவு அலைகிறார்கள், அதைக் கையில் வாங்கும்போது ஏன் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள் என்பதற்கு எனக்கு அதுவரை யாரும் சொல்லாத காரணம் கிடைத்தது.

இதில் நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். பேசப் போகும்போது கையில் ஒரு பொருளோடு போங்கள். உங்கள் தாத்தாவின் ரசீது, ஊர் ஏரியின் பழைய பெயர், கோயில் சுவரில் எடுத்த ஒரு போட்டோ, எதுவானாலும் சரி. பொதுவாக அரசியல் பேசலாம் என்று உட்கார்ந்தால் அவர்கள் பொதுவாகத்தான் பேசுவார்கள், அதை நீங்கள் டிவியிலேயே கேட்டுக்கொள்ளலாம். பொருளைப் பார்த்தால் அவர்களுக்குள் இருக்கும் ஆய்வாளர் எழுந்துவிடுவார்.

இரண்டாமவர் கல்வெட்டு படிப்பவர், கல்லூரியில் பாடம் எடுக்கிறார், மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அரூர் பக்கம் ஒரு காட்டு வரப்பில் நடுகல் இருப்பதாக, என்னிடம் பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர் ஒருவர் சொன்னதை அய்யாவிடம் சொல்ல, அவர் மேடத்துக்குச் சொல்ல, நாலு பேராகக் கிளம்பினோம். புளிய மரத்தடியில் இடுப்பளவு கல். மஞ்சளும் எண்ணெயும் ஏறி ஏறி உருவம் மழுங்கியிருந்தது, கையில் வில்லும் வாளும் மட்டும் தெரிந்தன. அந்தப் பக்கம் எல்லாம் நடுகல்லை வேடியப்பன் என்றுதான் கும்பிடுவார்கள். நிலத்துக்காரப் பாட்டியிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு மேடம் உட்கார்ந்தார். தண்ணீரில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் மட்டும் துடைத்தார், சாக்பீஸ் தேய்க்கப் போன ஒருவரைத் தடுத்தார். பொழுது சாயும் வரை காத்திருந்தோம். இருட்டியதும் டார்ச்சை நேராக அடிக்காமல் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். நான்தான் பிடித்தேன். அதுவரை வெறும் பொரிப்பொரியாக இருந்த கல்லில், வெளிச்சம் சரிந்து விழுந்ததும் வட்டெழுத்து வரிவரியாக நிழல் கட்டி எழுந்து வந்தது. மேடம் விரலைக் கல்லில் படாமல் காற்றிலேயே ஓட்டி எழுத்துக்கூட்டினார். தொறு, அப்புறம் ஒரு இடம் சிதைவு, பிறகு பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்தவருக்கு நட்ட கல்.

பாட்டி கேட்டது, "எங்க வேடியப்பன் பேரு போட்டிருக்கா கண்ணு?" மேடம் விஷயத்தைச் சொன்னார். "அதாங்க, மாடு காணாப் போனா நாங்க இவருகிட்டதான் வந்து சொல்லுவோம்" என்றது பாட்டி, ஏதோ தெரிந்த செய்தியைக் கேட்டதுபோல. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எழுத்து மறந்து எத்தனை தலைமுறை ஆகியிருக்கும், வேலை மட்டும் அவரிடமே இருக்கிறது.

எங்களோடு வந்த ஒருவர் திரும்பும்போது, "மேடம், இது எங்க ஆளுங்க கல்லுதானே, அப்படின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஊர்ல போர்டு வைச்சிடறோம்" என்று விடாமல் கேட்டார். "பேரு பாதி போயிருச்சுங்க. இருக்கிற பாதியில உங்க கேள்விக்குப் பதில் இல்லை. நான் சேர்த்துச் சொன்னா கல்லு சொன்னதா ஆயிடும்" என்றார் மேடம். கேட்டவர் கோபித்துக்கொண்டு வண்டியில் பேசாமலே வந்தார். மேடம் எதுவும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் பார்த்த துணிச்சலான பதில்களில் அது ஒன்று. தெரியாது என்று ஒரு அறிஞர் சொல்லும்போது அதை நச்சரித்து உடைக்கக்கூடாது, அந்தத் தெரியாதுதான் அவர் சொல்லும் மற்றதை நம்பலாம் என்பதற்கு உத்தரவாதம். வில்லங்கச் சான்றில் பதிவு இல்லை என்று வந்தால் இல்லை என்றுதான் நான் கட்சிக்காரரிடம் சொல்ல முடியும், அதே மாதிரி.

அதே சமயம், காத்திருந்தால் கல் ஒருநாள் பதில் சொல்லவும் செய்யும். அசோகரின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரர் என்று ஒரு பெயர் வருகிறது. அது யார் என்று அறிஞர்கள் பல காலம் வாதாடினார்கள். 1981-ல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு குகைப் பாறையில் ஒரே ஒரு வரி தமிழ் பிராமியில் கிடைத்தது, "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி", அதாவது சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை இருப்பிடம். நம் தகடூர் அதியமான்தான் அந்தச் சதியபுத்திரன் என்று அதன் பிறகு பெரும்பாலும் முடிவானது. அதியமான்கோட்டையில் டீ குடித்துக்கொண்டே மேடம் இதைச் சொன்னபோது, தாய்ப் பத்திரம் கிடைச்சிருச்சுங்க மேடம் என்றேன். அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் யாராவது பெரிதாக எதையாவது சொன்னால் அய்யாவே என்னைப் பார்த்து "தம்பி, தாய்ப் பத்திரம் கேளுங்க" என்பார்.

இனி நான் செய்த ஒரு தவறு. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒருநாள் ராஜாஜியைப் பற்றிப் பேச்சு. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர், நம் மண்ணிலிருந்து போய் கவர்னர் ஜெனரல் ஆனவர். அய்யா ஒரு மணி நேரம் இரண்டு பக்கமும் சொன்னார். 1937-ல் மதுவிலக்கை முதன்முதலில் அன்றைய சேலம் ஜில்லாவில், அதாவது நம் தருமபுரியும் சேர்ந்த ஜில்லாவில் கொண்டுவந்தது, ஆலயப் பிரவேசத்துக்கு நின்றது ஒரு பக்கம். கட்டாய இந்தி, 1953-ல் கொண்டுவந்து குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, அடுத்த வருடமே பதவியை விட்டு இறங்கும்படி ஆன கல்வித் திட்டம் இன்னொரு பக்கம். நான் போனில் பதிவு செய்திருந்தேன். அதில் புகழ்ந்து பேசிய ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி, நன்றாக இருக்கிறதே என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். இரண்டு நாளில் அது எங்கெங்கோ போய், அய்யாவை அவர் எழுத்தையே படிக்காதவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவரிடம் படித்த மாணவர் ஒருவரே போன் போட்டு, நீங்களுமா சார் என்று கேட்டிருக்கிறார். அய்யா என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. மூன்று மாதம் கடைப்பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "சொத்தை விக்கிறப்ப செக்குபந்தியில ஒரு பக்கத்து எல்லையை மட்டும் எழுதி விப்பீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அதிலிருந்து கேட்காமல் பதிவு செய்வதில்லை. செய்தாலும் வெளியே போவதற்கு முன் அவர்களிடம் காட்டிவிடுவேன். பெரும்பாலும் பதிவே வேண்டாம், கேட்டுவிட்டு வந்து அன்றைக்கு ராத்திரியே நோட்டில் எழுதிவிடுங்கள், மறுநாளைக்குத் தள்ளினால் அவர்கள் சொன்னதும் நாம் நினைத்ததும் கலந்துவிடும். நான் இடது பக்கத்தில் அவர்கள் சொன்னதையும் வலது பக்கத்தில் எனக்குத் தோன்றியதையும் எழுதுகிறேன்.

மூன்றாவது ஆள் அரசியல் அறிவியலில் ஆராய்ச்சி செய்கிற தம்பி. அவன் வந்த பிறகுதான் நடப்பு விஷயங்கள் சூடு பிடித்தன. வாச்சாத்தி பற்றி நடந்த பேச்சை மறக்கவே முடியாது. சித்தேரி மலை அடிவாரத்துப் பழங்குடி ஊர் அது, 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று அரசு ஆட்கள் புகுந்து மக்களை அடித்து, பெண்களை வன்கொடுமை செய்த சம்பவம், எங்கள் டீக்கடையில் அதைப் பற்றிப் பல வருடம் "சந்தனக்கட்டை கடத்துன ஊரு" என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். தம்பி வழக்கின் விவரத்தை எடுத்து வைத்தான். 1995-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சிபிஐ விசாரணை, 269 பேர் மீது குற்றச்சாட்டு, தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு வரும் 2011 செப்டம்பர் 29-க்குள் 54 பேர் இறந்துபோயிருக்க, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் 18 பேர். மேல்முறையீட்டில் நீதிபதி 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார், அதே வருடம் செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. வனத்துறை, போலீஸ், இவர்களோடு வருவாய்த்துறை ஆட்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள் என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது, நான் தினமும் பட்டா மாறுதலுக்குக் கும்பிட்டு நிற்கிற துறை அது.

அன்றைக்கு அய்யாவுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம் வந்தது. 1882-ல் வந்த சென்னை வனச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும், காடு அரசாங்கச் சொத்தாகவும் காட்டில் இருந்தவன் அத்துமீறியவனாகவும் மாறிய கதை அது என்றார் அய்யா. "அய்யா, எல்லாத்தையும் பழைய சட்டத்து மேல போட்டுட்டா, அன்னைக்கு லாரியில போயி இறங்குனவங்க தப்பிச்சிருவாங்க. அந்தப் பொம்பளைங்க கோர்ட்டுல நின்னு ஆளை அடையாளம் காட்டுனதும், மலைவாழ் மக்கள் சங்கம் கூடவே நின்னதும் இல்லைன்னா எந்தச் சட்டத்தாலயும் தீர்ப்பு வந்திருக்காது" என்றான் தம்பி. குரல் உயர்ந்தது, நான் பயந்தேன். ஆனால் இரண்டு பேரும் ஒரு தேதியைக்கூட மாற்றிச் சொல்லவில்லை, ஒருவர் விவரத்தை மற்றவர் மறுக்கவும் இல்லை. எதிலிருந்து தொடங்கிப் பார்ப்பது என்பதில்தான் சண்டை. டீக்கடைச் சண்டையில் நாங்கள் தேதியையே மாற்றிவிடுவோம். முடிந்தால் இரண்டு அறிஞர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கேளுங்கள், ஒருவரை மட்டும் கேட்டால் அவருடைய சீடராகத்தான் திரும்புவீர்கள். எனக்குத் தம்பி பக்கம்தான் மனது சாய்ந்தது, இன்றும் அப்படித்தான்.

2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81.20 சதவீத வாக்குப்பதிவு, தமிழ்நாட்டிலேயே அதிகம். பெருமையோடு தம்பியிடம் சொன்னேன். "சந்தோஷம்ணா. பெங்களூர்லயும் திருப்பூர்லயும் வேலை செய்யுறவங்க எத்தனை பேரு பஸ் ஏறி வந்து போட்டுட்டுப் போனாங்க, ஏன் வந்தாங்க?" என்று கேட்டான். யார் ஜெயிப்பார் என்று அவனைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவான், யார் வந்து ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்டால் இரண்டு மணி நேரம் உட்காருவான். கேள்வியை மாற்றிக் கேட்கக் கற்றுக்கொண்டால் போதும்.

மயிலாடும்பாறை செய்தி வந்த 2022 மே மாதமும் இதே கதைதான். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று சட்டசபையில் முதல்வர் அறிவித்தார், ஊரே கொண்டாடியது, நானும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். மேடம் இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டே, பொதுவாகக் காலம் கணிப்பது இரும்பை வைத்து அல்ல, அதே மண்ணடுக்கில் கிடைக்கும் கரியை வைத்து, அதனால் எந்த அடுக்கில் எது கிடைத்தது என்ற குறிப்பு எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவுதான் அந்த ஆண்டுக்கு உறுதி என்று விளக்கினார். என் சந்தோஷம் ஒரு துளி குறையவில்லை, எதை நம்பிச் சந்தோஷப்படுகிறேன் என்று தெரிந்த பிறகு கூடத்தான் செய்தது.

நேற்று பாப்பாரப்பட்டி பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். வரப்பு ஒதுக்கும்போது ஜேசிபியில் ஒரு கல் தட்டுப்பட்டதாம், வில் வைத்த உருவம் மாதிரி இருக்கிறதாம். தூக்கி நிறுத்தாதீர்கள், பெயிண்ட் எதுவும் பூசாதீர்கள், விஏஓவிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், கிடக்கிற இடத்தை அப்படியே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேடமும் தம்பியும் வருகிறார்கள். அய்யாவுக்கு மூட்டுவலி, இருந்தாலும் காரில் முன்சீட்டு எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். டார்ச்சுக்குச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.